பங்களாப் புல்லில் பூத்த உப்பு

வெட்டிய பச்சைப் புல்லின் வாசனையும் காயப்போட்ட நெத்திலியின் வாசனையும் ஒரே காற்றில் கலந்து மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்பதை, ராயபுரத்துக் கடலோரத்தில் பிறக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பங்குனி மாதத்து விடியற்காலையில், காற்று அசையாமல் நின்று, சட்டை போடாத முதுகிலும் வியர்வை கோடு கோடாய் இறங்குகிற அந்தப் புழுக்கத்தில், பங்களா மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு வாசனையும் வெளியேயிருந்து ஒரு வாசனையுமாக வந்து, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றாகி, எங்கள் நைனாவின் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அம்மா கருவாட்டுக் கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே, "வந்துட்சு பாரு, பில்லு தின்ன மீனு" என்பாள்.

அந்தப் பங்களா எங்கள் குப்பத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. வெள்ளைக்காரத் துரை இருந்தவரையில் அதன் முன்புறத்தில் அருகம்புல் தன்பாட்டுக்கு முளைத்துக் கிடந்தது. துரைக்கு அதன்மேல் நாற்காலி போட்டுக் குடிப்பதற்கு இடம் இருந்தால் போதும். சுதந்திரம் வந்து துரை கப்பலேறிப் போன பிறகு மானேஜராக வந்தவர் தமிழர், ஆனால் பெங்களூரில் வளர்ந்தவர். அவர் விடிந்தால் ஆபீஸ், இருட்டினால் வீடு என்று இருந்ததால் குப்பத்தில் யாரும் அவரை அதிகம் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அவர் மனைவியைத்தான். "பங்களாம்மா" என்போம். அந்த அம்மாள் வந்த முதல் மழைக்காலத்திலேயே அருகைக் கொத்தி எடுக்கச் சொல்லி, பெங்களூரிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் வரவழைத்த ஒரு மெல்லிய புல்லை அங்கே நடவைத்தார். நடுவதற்கு இடம் போதவில்லை என்று கம்பெனிக்காரர்கள் மதிலைக் கடல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினார்கள். நகர்த்திய இடம் எங்கள் ஆட்கள் வலை காயப்போடும் மணல். பட்டா என்று ஒரு காகிதம் எங்களிடம் எப்போதும் இருந்ததில்லை. ஆகவே சண்டை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆனால் அன்று முதல் அந்தப் புல்லுக்குக் குப்பத்தில் "பில்லு மெத்தை" என்று பெயர் விழுந்தது. அதைச் சொல்லும்போது யாரும் சிரித்ததில்லை.

அந்தப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் என் நைனா போனார். காதில் நீர் கோத்து, கடலில் இறங்கினால் தலை சுற்றி விழுந்துவிடுகிறார் என்று மரத்தில் அவரை யாரும் ஏற்றிக்கொள்ளாமல் போன பிறகு வந்த வேலை அது. எங்கள் பக்கத்தில் மரம் என்றால் கட்டுமரம். கன்னியப்பன் மண்ணில் துடுப்புப் போடுகிறான் என்று கரையில் கேலி செய்தார்கள்.  ஆனால் அவர் வலை கட்டுவதைப் போலவே அந்த வேலையையும் கையாலும் கண்ணாலும் கற்றுக்கொண்டார். கோரைக் களையை மேலோடு கிள்ளாமல் விரலை மண்ணுக்குள் விட்டுக் கிழங்கோடு பிடுங்குவார். புல் வெட்டுகிற மிஷினை அவர் பின்னாலிருந்து தள்ள, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முன்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுப்பேன். வெயில் ஏறுவதற்கு முன் ஒரு தரம், கடற்காற்று வந்து வெயில் இறங்கிய பின் ஒரு தரம், கிணற்றிலிருந்து ராட்டினத்தில் சேந்தி, பூவாளியில் ஊற்றிக்கொண்டு, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதைப்போல நடந்து நடந்து ஊற்றுவார். "வெயில்ல தண்ணி காட்னா வேரு வெந்துபூடும்டா ஏயுமல" என்பார். என் பெயர் ஏழுமலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பாதிரிச் சாமியார்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது பங்களாம்மா சொன்ன ஒரு சொல்லால்தான். ஆகவே அந்தப் புல் பச்சையாக இருக்கும் வரையில் நானும் பள்ளிக்கூடத்தில் இருப்பேன் என்று எனக்கு யாரும் சொல்லாமலே தெரியும். மிஷின் கயிற்றை இழுக்கும்போது புல்லைப் பார்த்துக்கொண்டே இழுப்பேன்.

மாசி வரையில் அந்தப் புல் கண்ணைப் பறிக்கும்படி இருந்தது. பங்குனியில் நுனி மட்டும் காய்ந்தது. சித்திரை பிறந்ததும் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, பிறகு காய்ந்த தேங்காய் நார் போல ஆயிற்று. நைனா இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். அவர் ஊற்ற ஊற்ற, அது காய்ந்தது. பிறகு ஒரு காலையில், காய்ந்த திட்டுகளுக்கு நடுவே மண்ணின்மேல் வெள்ளையாக, யாரோ அரிசி மாவைத் தூவிவிட்டுப் போனதுபோல் ஒன்று படிந்திருந்தது. பட்லர் சவரிமுத்துதான் அதை முதலில் பார்த்தார்.

சவரிமுத்து மாதா கோயில் தெருக்காரர். துரை காலத்திலிருந்து பங்களாவில் சமையலும் சாவியும் அவரிடம். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பித்தானைக் கடைசி வரை மாட்டிக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் வியர்க்காதவர் போலவே நடப்பார். அவர் குனிந்து அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு" என்றார். "கன்னியப்பா, இங்க வா. யாரோ உப்பு போட்டுக்கீறான்யா."

நைனா வந்து பார்த்தார். "எவன் போட்டான்?"

"அத்தத்தான் நானும் உன்ன கேக்கறேன்."

அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதற்கு வேண்டிய தீனியை ஊர் தானே கொண்டுவந்து போடும் என்பதை நான் அந்தச் சித்திரையில்தான் பார்த்தேன். சவரிமுத்து சொன்ன நியாயத்தில் ஓட்டை எதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. புல் தாகத்தால் சாகவில்லை, ஏனென்றால் வேளை தவறாமல் தண்ணீர் போகிறது. பூச்சியும் இல்லை, ஏனென்றால் வேர் முழுசாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதிலோரத்தில் கொத்தாமல் விட்டுப்போன பழைய அருகம்புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. "பாத்தியா" என்று அதை எல்லோருக்கும் காட்டினார். "காட்டுப் பில்லு நல்லா கீது. அம்மா ஆசையா வெச்ச பில்லு மட்டும் சாவுது. இது சாமி செய்யற வேல இல்ல, ஆளு செய்யற வேல."

ஆள் யார் என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வலை காயப்போட்ட இடத்தை இழந்த குப்பத்தில் யாராவது ஒருவன். அப்படிப்பட்டவர்களில் உப்பு யாரிடம் இருக்கிறது? என் மாமனிடம்.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி, ஆறுமுகம். எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை. அம்மா கருவாடு போடுவதற்கு வேண்டிய உப்பை அவர்தான் சாக்கில் கட்டித் தலையில் வைத்து எடுத்துவருவார். வருகிற வழி பங்களா மதிலை ஒட்டித்தான். வந்ததும் எங்கள் வாசலில் குந்திக்கொண்டு, "இன்னா மாமா, மெத்தைக்கு தலகாணி வெச்சிட்டியா?" என்று நைனாவைச் சீண்டுவார். உப்பளத்தில் நின்று நின்று அவர் பாதம் வெடித்து வெளுத்திருக்கும். மதில் நகர்ந்த அன்று அவர் அங்கே நின்று காறித் துப்பியதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே சவரிமுத்து அவர் பெயரைச் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. ஆனால் ஆச்சரியமாக இல்லை.

நைனாவுக்குச் சவரிமுத்துவின் மேல்தான் சந்தேகம். "அவன் மருமவன் ஒருத்தன் சும்மா சுத்திகினு கீறான்" என்று அம்மாவிடம் சொன்னார். "என்ன கெளப்பிட்டு அவன இட்டாந்து வெக்கணும். அதுக்குத்தான் சமையக்கட்டு உப்ப எடுத்தாந்து தூவறான். அவன் நாக்குல வெச்சிப் பாத்தத நீ பாக்கலியே. போட்டவனுக்குத்தான் தெரியும் இன்னா போட்டோம்னு."

பங்களாம்மா யார்மேலும் உடனே பழி சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "கிணத்துத் தண்ணி நல்லா இருக்கா, கன்னியப்பன்?"

பங்களாவில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கார்ப்பரேஷன் குழாய். அதில் வருவது குடத்துக்கே காணாது, புல்லுக்குக் கிணறுதான். அந்தக் கிணற்று நீரை அங்கே வாயில் வைப்பவர் நைனா ஒருவர்தான், ஏனென்றால் சமையற்கட்டுக் குழாயை நாங்கள் தொடக்கூடாது. நைனா அப்போதே ஒரு வாளி சேந்தி, கையைக் குவித்து, மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கல்கண்டு மாதிரி கீதும்மா. எங்க குப்பத்துல இத்தினி நல்ல தண்ணி கெடையாது."

பொய்யில்லை. எங்கள் குப்பத்துக்கு அப்போது குழாய் வரவில்லை. கடலோர மணலில் இடுப்பளவுக்குத் தோண்டி, ஊறி வருகிற நீரைக் கொட்டாங்குச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புவோம். "ஊத்து" என்று பெயர். மழைக்காலத்தில் அது ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. எல்லாமே எங்களுக்குத் தண்ணீர்தான். "கடலோரத்துல பொறந்த வாய்க்கு சப்புனு இருந்தா எறங்காது" என்று கரையில் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

அதற்குப் பிறகு பங்களாம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. தினமும் குடிக்கிறவன் சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது?

சவரிமுத்து ஒரு வேலை செய்தார். அடுப்புச் சாம்பலைச் சலித்து, புல்லைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கோலப்பொடி போலப் பரப்பினார். யார் கால் வைத்தாலும் தடம் விழும். "கள்ளன் காலால எழுதிட்டுப் போவட்டும்" என்றார். நைனாவும் சந்தோஷமாகவே சலித்துக் கொடுத்தார். கோட்டுப் போட்டவரின் பூட்ஸ் தடம் விழும் என்று அவருக்கு நம்பிக்கை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வெள்ளை கூடிக்கொண்டே போயிற்று. சாம்பலில் விழுந்த தடம் எல்லாம் ஒரே தடம். கடலில் பாறை கிழித்துப் பெருவிரல் நகம் போன கால். நைனாவின் கால்.

"தண்ணி ஊத்த நான்தானய்யா போறேன்" என்றார் நைனா.

"அத்தத்தான் சாம்பலும் சொல்லுது" என்றார் சவரிமுத்து. "நீ மட்டுந்தான் போற."

அன்று சாயங்காலம் மாமன் உப்புச் சாக்கோடு வந்தார். நைனா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மச்சான், சாமி சாட்சியா சொல்லு. மதிலுக்கு மேலருந்து கையவுட்டு வீசினியா?"

மாமன் சாக்கை மெதுவாக இறக்கி வைத்தார். "இன்னா கேட்ட?"

"வீசினியான்னு கேட்டேன்."

"நான் வீசணும்னா உப்ப வீச மாட்டேன் மாமா. உப்பு எனக்கு சோறு. கல்ல வீசுவேன்." பிறகு என்னைப் பார்த்து, "மாப்ள, உன் நைனாவுக்கு காதுல பூந்த தண்ணி மூளைக்கு ஏறிடுச்சுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சாக்கை அவிழ்க்காமலே தூக்கிக்கொண்டு போனார். அதன் பிறகு பல நாள் அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அம்மா நைனாவுக்குச் சோறு போடுவாள், பேசமாட்டாள். உப்பு வராததால் கருவாடு போட முடியாமல், மிஞ்சிய மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்து, அந்தக் கூடையை நைனா உட்காரும் இடத்தில்தான் கவிழ்ப்பாள்.

எங்கள் வீட்டில் சந்தேகம் என் பக்கமும் திரும்பியிருந்தது. நான் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. மணி அடித்ததும் அதன் கீழே வாயை வைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஏன் என்று எனக்கே தெரியாது. போன கார்த்திகையில் சேர்ந்த புதிதில் அந்தத் தண்ணீர் எனக்கும் பிடிக்கவில்லை, ஆளில்லாத வீட்டுக்குள் போனதுபோல் வாய்க்குள் வெறுமையாக இருக்கும். அது எப்போது மாறியது என்று கவனிக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு தூக்கலா கீதும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா கரண்டியோடு நின்றாள். "உப்பே இல்லாத வூட்ல இவனுக்கு உப்பு தூக்கலா கீதாம்" என்று சொல்லி, பிறகு என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். மறுநாள் எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

இப்படியாக நைனாவும் சவரிமுத்துவும் மாமனும் மூன்று பக்கம் முறைத்துக்கொண்டிருக்கையில் பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். அந்த வாரத்தில்தான் மானேஜர் ஐயா ஒரு முடிவு சொல்லி அனுப்பினார்: உப்பு போட்டது யார் என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் தோட்டக்காரனை மாற்ற வேண்டும். சவரிமுத்து அதற்கு ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியப்பன் பங்களா வாசலில் கற்பூரம் ஏற்றி, பிள்ளை தலையில் கைவைத்து, நானும் போடவில்லை, என் மச்சானும் போடவில்லை என்று அடித்துச் சத்தியம் செய்யட்டும்.

"நீயும் உங்க மாதா முன்னால மெழுகுத்திரி ஏத்தி சொல்லு" என்றார் நைனா.

"ஏத்தறேன். என் கால் தடம் அங்க கெடையாதே."

 நைனாவுக்கிருந்த சங்கடம் எனக்குப் புரிந்தது. தன்னைப் பற்றிச் சத்தியம் செய்ய அவருக்குப் பயமில்லை. மாமனைப் பற்றிச் செய்யத்தான் பயம். மாமன் போட்டிருந்து, போடவில்லை என்று இவர் அடித்துச் சொன்னால், பொய்ச் சத்தியம் என் தலையில் விழும். செய்ய மாட்டேன் என்றால் போட்டது மாமன்தான் என்று ஆகிவிடும், வேலையும் போகும். எந்தப் பக்கம் போனாலும் நடுவில் என் தலை இருந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "என் தம்பிய சந்தேகப்பட்டுகினே என் புள்ள தலைல கைய வெக்காத. நம்பினா வெய்யி."

ஞாயிற்றுக்கிழமை காலை. இலை அசையவில்லை; துறைமுகத்துப் பக்கம் புகை மேலே போகாமல் நின்ற இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பங்களாம்மா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரிமுத்து ஒரு தட்டில் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். சத்தியத்துக்கு முன்னால் கைகால் கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும். எச்சில் வாயால் சாமியைக் கூப்பிடக்கூடாது. நைனா கிணற்றில் ஒரு வாளி சேந்தி, தான் கழுவிக் கொப்பளித்து, மீதியை எனக்கு ஊற்றினார். நானும் ஒரு வாய் நிறைய எடுத்தேன்.

கொப்பளிக்க முடியவில்லை. கடலில் அலை அடித்து வாய்க்குள் போனதுபோல் இருந்தது. துப்பிவிட்டேன்.

"நைனா, தண்ணி கரிக்குது."

நைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது. நான் உளறுவதாக அவர் நினைக்கவில்லை. சத்தியத்திலிருந்து அவரைத் தப்பிக்கவைக்க நான் ஏதோ கட்டுகிறேன் என்று நினைத்தார். "சும்மா இர்றா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெய்யாலுமே கரிக்குது நைனா. உப்புத் தண்ணி."

"நல்லா சொல்லிக் குடுத்து இட்டாந்துகீறான்மா" என்றார் சவரிமுத்து. "அப்பன் கல்கண்டுன்றான், புள்ள உப்புன்றான். வூட்ல ஒத்திக பாத்தானுங்களா?"

பங்களாம்மா எழுந்து வந்தார். "சவரி, நீ ஒரு வாய் குடிச்சுப் பாரு."

அந்த வாளியில் வாய் வைப்பதற்குச் சவரிமுத்துவுக்கு இஷ்டமில்லை. தோட்டக்காரன் கைபட்ட தண்ணீர். ஆனால் அம்மாள் சொல்லிவிட்டார். உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துவந்து மொண்டு, உதட்டில் வைத்தார். கோட்டின்மேல் துப்பிக்கொண்டார். அவர் வியர்த்து நான் பார்த்தது அப்போதுதான்.

பங்களாம்மாவும் நாக்கில் தொட்டுப் பார்த்தார். புல்லைப் பார்த்தார், மதிலுக்கு அப்பால் கடல் இருந்த பக்கம் பார்த்தார். "கோடையில கிணத்துல தண்ணி இறங்கிடுச்சு. கடல் உள்ளே வந்துடுச்சு" என்றார் மெதுவாக. ஊற்றிய தண்ணீர் வெயிலில் காய்கிறது, உப்பு மேலே பூக்கிறது. மதிலோரத்து அருகு அதைத் தாங்குகிறது, பெங்களூர்ப் புல் தாங்கவில்லை. இதையெல்லாம் அவர் விளக்கிச் சொன்னார் என்பதைவிட, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நைனா மட்டும் அசையவில்லை. வாளியிலிருந்து கை நிறைய அள்ளிக் குடித்தார். இன்னொரு தரம் குடித்தார். "நல்ல தண்ணிதாம்மா இது" என்றார். மூன்று பேரும் சேர்ந்துகொண்டு தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. மூன்று பேரில் நானும் ஒருவன்.

பங்களாம்மா சவரிமுத்துவிடம் ஏதோ சொல்ல, அவர் உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கிணற்று நீர். எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். நைனா முதலாவதைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "இதுல இன்னாம்மா கீது? ஒண்ணுமே இல்ல. வாய கழுவிக்கலாம்." இரண்டாவதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். "இதாம்மா தண்ணி."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். பங்களாம்மா சிரிக்கவில்லை.

"இவர் பொய் சொல்லலை, சவரி" என்றார். "இவருக்குத் தெரியலை."

வேலை தப்பியது. என் பள்ளிக்கூடமும் தப்பியது. மாமன் பெயரும் கழுவப்பட்டது. ஆனால் அந்தக் கடைசிச் சொல் நைனாவை அடித்துவிட்டது. பொய்யன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். தெரியவில்லை என்று சொன்னால் யாரோடு சண்டை போடுவது? நீரின் நிறத்தைப் பார்த்து மீன் சொன்னவர், காற்றை முகர்ந்து மழை சொன்னவர். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மணலில் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டில் நுழைந்ததும் பானையிலிருந்து ஊத்துத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினார்.

"குடி."

அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குடித்தேன். கிணற்று நீரைவிட இதுதான் அதிகம் கரித்தது. நான் அவ்வளவு நாளும் வீட்டில் ஏன் குடிக்கவில்லை என்று அந்தச் சொம்பு முடிவதற்குள் எனக்கே தெரிந்துபோயிற்று. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மடக்கும் தயங்கித் தயங்கி இறங்குவதை.  சொம்பை வாங்கி அம்மாவிடம் கொடுத்து, "உன் தம்பிய வரச் சொல்லி அனுப்பு" என்றார். பிறகு, "இவன் நாக்கு நம்ம வூட்ல இல்லடி" என்றார்.

மாமன் வந்தார். உப்பும் வந்தது. "உன் பில்லு கேஸ்ல நான் வுடுதலையா மாமா?" என்று கேட்டுச் சிரித்தார், நைனாவும் சிரித்தார், ஆனால் என் பக்கம் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். அந்த ஆவணியில் மதிலோரத்து அருகு தானாகவே உள்ளே ஓடிப் பரவியது. பங்களாம்மா அதைக் கொத்தச் சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தை நைனா முழுசாக நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. சவரிமுத்து டம்ளரை மாற்றிவிட்டார் என்று கரையில் சிலரிடம் சொன்னதாகக் கேள்வி.

இப்போது அந்தப் பங்களா இல்லை. மானேஜர் மாற்றலாகிப் போனதும் கம்பெனிக்காரர்கள் அதை இடித்துக் கிடங்கு கட்டினார்கள். கிணற்றைத் தூர்த்து அதன்மேல் லாரி நிற்கிறது. குப்பத்துத் தெருமுனையில் குழாய் வந்துவிட்டது. பெண்கள் அங்கே குடத்தோடு சண்டை போடுகிறார்கள், மணலில் ஊத்துத் தோண்ட இன்று ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரியாது. பில்லு மெத்தை என்ற சொல்லைச் சொல்கிறவர்களும் இல்லை. நான் துறைமுகத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறேன். நைனா வீட்டோடு இருக்கிறார்.

அவருக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் இறங்குவதில்லை. மாமன் கொண்டுவரும் உப்பிலிருந்து ஒரு கல்லைக் கிள்ளித் தன் டம்ளரில் போட்டு, விரலால் கலக்கித்தான் குடிக்கிறார். நான் வீட்டில் இருந்தால் திரும்பி உட்கார்ந்துகொண்டு கலக்குவார். நான் எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயமோ, சிரிப்பேன் என்று பயமோ, தெரியவில்லை. பல காலம் நானும் பார்க்காதவன் போலவே இருந்தேன்.

போன கோடையில் ஒரு நாள், ஆபீசிலிருந்து வியர்த்து வழிய வந்தவன், பலகைமேல் இருந்த டம்ளரை எடுத்து அவசரமாகக் குடித்துவிட்டேன். வாய்க்குள் போன பிறகுதான் அது அவருடையது என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நைனா சுவரோரம் உட்கார்ந்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, கரிக்குதா?" என்றார்.

கிணற்றடியில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்ல வேண்டியிருந்தது. "கரிக்குது நைனா."

அவர் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். "அப்ப அளவு சரியாத்தான் போட்டுக்கீறேன்" என்று சொல்லிவிட்டு, மீதியை நிம்மதியாகக் குடித்தார்.